பிறேக் பிடிக்காத ஞாயிற்றுக்கிழமை

சிவானந்தன் என்னை மழையில் விட்டுவிட்டுப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வருடக்கணக்காகிவிட்டது. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஹோ ஸ்ட்ரீட். கொட்டுகிற மழை. இரண்டு கையிலும் என் கடைக்கு வாங்கின மீன்பெட்டி. ஓடி வந்து தோளால் பஸ் கதவை இடிக்கிறேன். ஓட்டுகிற இடத்தில் இவன் இருக்கிறான். வந்த புதிதில் என்னோடு ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவன். என்னைப் பார்த்தான், சிரித்தான், கையை வேறு அசைத்தான். போய்விட்டான். பிறகு பிடித்துக் கேட்டால், "கதவு மூடினால் மூடினதுதான் மச்சான். சட்டம்" என்கிறான். மீன்கூட என்னைவிட நனையாமல் வீடு வந்து சேர்ந்தது.

அப்படிப்பட்ட சட்டக்காரன் போன நவராத்திரி முடிந்த ஞாயிற்றுக்கிழமை எப்பிங் காட்டுக்குள் பிறேக் இல்லாமல் பறந்தான். நான் என் கண்ணால் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க ஏலாது.

முதலில் ஆளைச் சொல்லவேண்டும். சிவானந்தனுக்குச் சொந்த ஊர் பண்டத்தரிப்பு. லண்டனுக்கு வந்து பெற்றோல் செட்டில் நின்றான், கோழி பொரித்தான், கடைசியில் பஸ் ஓட்டப் போனான். ஊரில் வரிசையாகத் தங்கைச்சிமார். ஒருத்தியின் கலியாணம் முடிய அடுத்தவள். "உனக்கு எப்பயடா?" என்று கேட்டால் "பிறகு பாப்பம்" என்பான். அப்படிப் பார்த்துப் பார்த்தே ஐம்பதைத் தாண்டிவிட்டான். தலை வழுக்கை, வயிறு கொஞ்சம் முன்னுக்கு. குரல் மட்டும் நல்ல குரல். கோயிலில் தேவாரம் பாடினால் ஐயரே திரும்பிப் பார்ப்பார்.

நல்ல சாரதி. ஆனால் லண்டன் ரோட்டு நல்லவனையும் விசரனாக்கிவிடும். முன்னால் வான், பின்னால் ஹோன் சத்தம், பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டி கட்டின மோட்டார்சைக்கிள், உள்ளே ஆறு வாசனையில் ஆறு பேர் சண்டை. ஒருநாள் யாரோ ஒருவன் பஸ் பாதையில் காரை நிறுத்திவிட்டுத் தலைமயிர் வெட்டப் போய்விட்டான். அவன் வெட்டி, கழுவி, கண்ணாடி பார்த்து வரும்வரைக்கும் பஸ்ஸும் சனமும் காத்துக் கிடந்தது. அடுத்த நாள் லீவு. சிவானந்தன் ரயிலேறி, பாதை முடிகிற சிங்ஃபோர்டில் இறங்கி, கால் போன போக்கில் நடந்து காட்டுக்குள் போயிருக்கிறான்.

மறுநாள் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற என் கடைக்குள் பேய் பிடித்தவன் மாதிரி வந்தான். நான் வெண்டிக்காய் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், அங்கை ஹோன் இல்லையடா!"

"எங்கை?"

"காட்டுக்கை. வாகனமே இல்லை. சிவப்பு லைற் இல்லை. பஸ் ஸ்டாப் இல்லை. மரம், மரம், மரம்! நடுவிலை ஒரு கிறவல் பாதை, சரளைக்கல்லுப் போட்டது. அதிலை சனம் சைக்கிள் ஓடுது."

"கிறவலிலையோ? ஊரிலை ரோட்டுக்குத் தார் போடச் சொல்லிச் சொல்லியே உன்ரை கொப்பர் செத்தது தெரியாதே உனக்கு? நீ தாரை விட்டிட்டுக் கிறவலைத் தேடிப் போறியோ?"

"அதுதான்ரா பகிடி," என்றவன் என் கடையில் ஒரு மாம்பழத்தை எடுத்துக் கடித்துக்கொண்டு போனான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பிடிக்க ஏலாது. யாரோ எறியப் பார்த்த பழைய சைக்கிள் ஒன்றைத் தேடியெடுத்து, ரப்பர்க் கட்டை பிறேக்கோடு காட்டுக்குள் ஓடத் தொடங்கினான். ஒரு தடவை என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அன்றைக்குத்தான் பார்த்தேன், இவனைச் சும்மா சாரதி என்று சொல்லக்கூடாது. காட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. இவன் திரும்புவதற்குக் கையை நீட்டிச் சிக்னல் காட்டுகிறான். இரண்டு பாதை சந்திக்கிற இடத்தில் நிறுத்தி வலமும் இடமும் பார்க்கிறான். மான் ஒன்று பாதைக்கு வந்தபோது காலை ஊன்றி, உள்ளங்கையை விரித்து "நீ போ ராசா" என்று வழி விட்டான். மானும் பஸ்ஸுக்குப் பழகின மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் போனது. நான் சிரிக்கவில்லை. அவனுக்கு முன்னால் சிரிக்கவில்லை.

இப்படி ஓடுகிற நாளில்தான் ஒருநாள் செயின் கழன்றது. குனிந்து நின்று, கையெல்லாம் கிறீஸ், அந்தச் செயினுடைய பரம்பரையையே தமிழில் திட்டியிருக்கிறான். சொல்லக்கூடாத சொல் எல்லாம் சொல்லி முடியப் பின்னால் ஒரு பொம்பிளைக் குரல்.

"அப்படிப் போட்டா மாட்டாதுங்க. பின்னாடி கியரைத் தள்ளிட்டு மாட்டுங்க."

தமிழ்! இவனுக்கு அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கவேண்டும். திரும்பிப் பார்த்தால் ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, சேறு தெறித்த முகத்தில் ஒரு சிரிப்பு. அவள்தான் கல்யாணி. திருச்சிக்காரி. ஒரு வங்கியில் கணினி வேலை. பெரிய படிப்பு. கலியாணம் கட்டி, அது சரிவராமல், பிரிந்து நெடுங்காலம். பிள்ளை இல்லை. ஞாயிறு என்றால் அவளுக்கும் காடுதான் கோயில்.

"நீங்கள் எல்லாத்தையும் கேட்டிட்டியளோ?" என்று கேட்டிருக்கிறான்.

"ஆமா. ரெண்டு வார்த்தை புதுசு. அர்த்தம் அப்புறமா சொல்லுங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரும் ஒரே பாதையில். என்ன கதைப்பீர்கள் என்று கேட்டால், "சைக்கிள் ரயரிலை எவ்வளவு காத்து விடவேணும் எண்டு" என்பான். ஒரு வருஷமாக இரண்டு பேர் காற்றைப் பற்றியா கதைப்பார்கள்? என் மனுசி சிவரூபினி கூட, "உங்கட சிநேகிதன் காத்தடிச்சுக் கொண்டே கிழவனாகப் போறார்" என்றாள்.

புரட்டாதியில் ஒருநாள் முகம் கறுத்து வந்தான். கல்யாணிக்கு வேலையிடத்தில் லண்டனை விட்டு எடின்பரோவுக்கு மாற்றம் வந்திருக்கிறதாம். பெரிய பதவி. போவதா இல்லையா என்று நவராத்திரி முடிந்த திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டுமாம்.

"நீ என்ன சொன்னனி?"

"வாழ்த்துக்கள் எண்டு சொன்னன்."

கையில் இருந்த முருங்கைக்காயால் அடித்திருப்பேன். விலை ஏறியிருந்ததால் விட்டேன்.

"விசரா! போகவேண்டாம் எண்டு சொல்லடா!"

"எப்பிடிச் சொல்லுறது? நான் பஸ்காரன். அவ பெரிய வேலை. என்னத்துக்குப் போகவேண்டாம் எண்டு கேட்டா?"

"அதுக்கும் மறுமொழி இருக்கு உன்னட்டை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சிவரூபினிக்கும் தெரியும். கல்யாணிக்குத்தான் நீ இன்னும் சொல்லேல்லை."

அதிலிருந்து ஒத்திகை தொடங்கியது. ஷிப்ட் முடிந்து வந்து, என் கடைத் தராசுக்கு முன்னால் நின்று, தராசைக் கல்யாணியாக நினைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பான். "கல்யாணி, நீங்கள் எடின்பரோவுக்குப் போகவேண்டாம்." தொண்டையைச் செருமுவான். திரும்பவும், "கல்யாணி, தயவு செய்து எடின்பரோவுக்குப் போகாதேங்கோ." ஒருநாள் பின்னால் பிலாக்காய் தடவிக்கொண்டு நின்ற அம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்து, "நான் ஏன் தம்பி அங்கை போறன்? எனக்கு அங்கை ஒருத்தருமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை காட்டில் சொல்லப் போகிறானாம். அதற்கு நானும் வரவேண்டுமாம்.

"நான் என்னத்துக்கு?"

"நான் சொல்லாமல் திரும்பி வந்தால் நீ எனக்கு உதைக்கவேணும்."

நியாயமான வேலை. ஒத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு காலை வால்தம்ஸ்டோ ஸ்டேஷனுக்குப் போனேன். என் மகள் விட்டுவிட்டுப் போன ஊதாச் சைக்கிள், முன்னுக்குக் கூடை. கூடைக்குள் சிவரூபினி சுருட்டிப் பொரித்துக் கொடுத்த ரோல்ஸும் தேத்தண்ணிப் போத்தலும். அங்கே சிவானந்தன் நிற்கிறான், பக்கத்தில் புத்தம்புது கிறவல் சைக்கிள். பழையதைக் கழித்துவிட்டு அந்தக் கிழமைதான் வாங்கியிருக்கிறான். ஒரு ஓட்டம்கூட ஓடவில்லை, ஸ்டேஷனுக்கும் உருட்டியே கொண்டு வந்திருக்கிறான். ஆனால் ஆயுத பூசைக்கு வைத்துவிட்டான். கைப்பிடியில் செவ்வந்திப்பூ, சட்டத்தில் சந்தனம் குங்குமம், சில்லுக்கு நடுவே இருந்த இரண்டு இரும்புத் தட்டிலும் பொட்டு. அந்தத் தட்டு கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"என்னடா இது, இப்பிடிப் பளபளக்குது?"

"நல்லெண்ணெய் போட்டுத் துடைச்சனான். மழைக்குக் கறள் பிடியாது. எப்பிடி?"

"வடிவாய்த்தான் இருக்கு," என்றேன். ஆயுத பூசைக்கு இரும்பைக் கண்டால் எங்கள் ஆட்கள் எண்ணெய் போடாமல் விடமாட்டோம். கத்திக்குப் போடுவோம், தராசுக்குப் போடுவோம், ஒருவன் கம்பியூட்டர் மூடிக்கே போட்டதைப் பார்த்திருக்கிறேன். பிறேக் அந்தத் தட்டைப் பிடித்துத்தான் சைக்கிள் நிற்கவேண்டும், அதில் எண்ணெய் படவே கூடாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரப்பர்க் கட்டை.

சிங்ஃபோர்டில் கல்யாணி காத்து நின்றாள். என்னைப் பற்றி அவன் முன்பே சொல்லி வைத்திருக்கிறான்.

"வாங்க குலம் அண்ணா! உங்க சைக்கிள் அழகா இருக்கே. கூடைல என்ன?"

"ரோல்ஸ் தங்கச்சி. ஆட்டிறைச்சி."

"அப்ப நீங்க முன்னாடி போங்க. நான் வாசனை பிடிச்சுகிட்டே வர்றேன்."

நல்ல பொம்பிளை. எடின்பரோவுக்குக் கொடுக்க எனக்கும் மனமில்லை.

புல்வெளி தாண்டிக் காட்டுக்குள் புகுந்தோம். எனக்குக் கவிதை வராது. வந்தால் அன்றைக்கு வந்திருக்கும். பீச் மரங்கள் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. தலைக்கு மேலே செம்பும் பொன்னும், கீழே பாதை முழுக்க இலை. அந்த மரங்களை அந்தக் காலத்தில் விறகுக்காக ஆள் உயரத்தில் வெட்டி வெட்டி விட்டிருக்கிறார்கள். வெட்டுவது நின்ற பிறகு ஒவ்வொரு மொட்டையிலிருந்தும் பத்துக் கை முளைத்து வானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. விழுந்த மரம் விழுந்தபடி கிடந்தது.

"ஏன் இதை ஒருத்தரும் எடுத்து விறகாக்கேல்லை?" என்று கேட்டேன்.

"எடுக்கக் கூடாது அண்ணா, பாதுகாத்த காடு. அது வண்டுங்களுக்கு வீடு," என்றாள் கல்யாணி.

லண்டனில் எங்களுக்கு வீடு கிடைக்க எத்தனை பாடு. வண்டுக்குச் சட்டம் போட்டு வீடு.

சில்லு கிறவலில் உரசுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஏற்றம் வந்தது. ஏற்றத்தில் யாருக்குப் பிறேக் வேண்டும்? மூச்சுத்தான் வேண்டும். நான் இறங்கித் தள்ளினேன். அவர்கள் இரண்டு பேரும் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். சிவானந்தன் ஒவ்வொரு வளைவிலும் கையை நீட்டினான். கல்யாணியும் நீட்டினாள். அவனைப் பார்த்துப் பழகியிருக்கவேண்டும். காடு முழுக்க இரண்டு பேர் யாருக்கோ சிக்னல் காட்டிக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மேட்டின் உச்சியில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டோம். நான் சிவானந்தனை முறைத்தேன். அவன் தேத்தண்ணியைக் குடித்தான். திரும்ப முறைத்தேன். "கல்யாணி..." என்று தொடங்கினான்.

"சொல்லுங்க."

"ரயரிலை காத்து எவ்வளவு விட்டனீங்கள்?"

நான் எழும்பி ஒரு மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். உதைக்கிற நேரம் கிட்ட வந்துகொண்டிருந்தது.

"இறக்கத்துல பாத்து வாங்க ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டுக் கல்யாணி முதலில் இறங்கினாள். நீளமான இறக்கம். கிறவலில் வளைந்து வளைந்து கீழே போய்ச் சமதரையில் நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

"போ," என்றேன். "கீழை போய்ச் சொல்லு. இல்லாட்டி உதை."

"ஓம் ஓம். போறன்." பெல்லை ஒருதரம் அடித்துவிட்டு இறங்கினான்.

முதலில் ஒழுங்காகத்தான் போனான். பிறகு பிறேக்கைப் பிடித்திருக்கிறான். அப்போது ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! ஒரு பண்ணைப் பன்றி முழுவதையும் ஒன்றாகக் கிள்ளினால் வருகிற சத்தம். மரத்தில் இருந்த காகமெல்லாம் எழும்பிவிட்டது. சத்தம்தான் வந்தது, சைக்கிள் நிற்கவில்லை. நிற்காததோடு வேகமும் கூடியது.

"மச்சான்! பிறேக் பிடிக்குதில்லையடா!"

"காலை ஊண்டு! காலை ஊண்டடா!"

ஊன்றினான். சப்பாத்து ஒன்று கழன்று காட்டுக்குள் போனது. செவ்வந்திப்பூ பறந்தது. எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு ஏறி வந்துகொண்டிருந்தார். நாயைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்குப் பாய்ந்தார். அந்த நேரத்திலும் இவன் கையை நீட்டி வலப்பக்கம் சிக்னல் காட்டினான் என்றால் நம்புவீர்களா? காட்டினான். பிறகு, சாகப் போகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, தேவாரம் பாடுகிற அந்தக் குரலில், காடு முழுக்க எதிரொலிக்கக் கத்தினான்.

"கல்யாணீ! எடின்பரோவுக்குப் போகாதேங்கோ! எனக்கு நீங்கள் இல்லாமல் ஏலாது! கல்யாணீ! விலத்துங்கோ!"

மூன்றையும் ஒரே மூச்சில். கல்யாணி விலகினாள். அவன் அவளைத் தாண்டிப் போய்ப் பாதையை விட்டு இறங்கி, இலை நிறைந்த பள்ளம் ஒன்றுக்குள் தலைகுப்புற மறைந்தான். இலைகள் எழும்பின, பிறகு மெல்ல மெல்ல விழுந்தன. காடு திரும்ப அமைதியானது.

நான் ஊதாச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடினேன். எனக்கும் எங்கிருந்தோ ஒரு கூச்சல் வந்தது. பயக் கூச்சலா சந்தோசக் கூச்சலா என்று தெரியாது. கீழே போனால் கல்யாணி பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறாள். உள்ளே ஒரு வழுக்கைத் தலை இலைகளுக்கு நடுவில் வெளியே வருகிறது. ஒரு காலில் சப்பாத்து இல்லை. நெற்றியில் சேறு. எலும்பு ஒன்றும் போகவில்லை.

"அடி ஏதாவது பட்டுச்சா?" என்று கல்யாணி கேட்டாள்.

"இல்லை. வெக்கம் மட்டும்தான்."

அவள் கிடந்த சைக்கிளை நிமிர்த்தினாள். தட்டைப் பார்த்தாள். விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"இது... நல்லெண்ணெயா?"

"ஓம். ஆயுத பூசைக்கு."

அவள் தன் சைக்கிளைத் திருப்பிக் காட்டினாள். கைப்பிடிக்குக் கீழே காய்ந்து போன சந்தனப் பொட்டு ஒன்று, குங்குமத்தோடு. "நானும் வச்சேன்," என்றாள். "ஆனா டிஸ்க்குக்கு எண்ணெய்க் காப்புச் சாத்தலைங்க!"

பிறகு சிரித்தாள். நின்று சிரித்தாள், குந்தி இருந்து சிரித்தாள், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். பள்ளத்துக்குள் இருந்தபடியே இவனும் சிரித்தான். நாயைத் தூக்கி வைத்திருந்த கிழவர் மேலே இருந்து "ஆர் யூ ஆல்ரைட்?" என்று கேட்டார். "வெரி ஆல்ரைட்!" என்று நான்தான் கத்தினேன். வாழ்க்கையில் அப்படி ஆங்கிலம் பேசியதில்லை.

சிரிப்பு அடங்கியது. கல்யாணி கண்ணைத் துடைத்தாள்.

"கத்தினீங்களே, அது பிரேக் போனதுனால சொன்னதா, இல்ல உண்மையா சொன்னதா?"

சிவானந்தன் எழும்பி நின்றான். காதில் ஒரு இலை. "உண்மை. ஒரு வருஷமா உண்மை. பிறேக் பிடிச்சிருந்தால் இண்டைக்கும் சொல்லியிருக்கமாட்டன்."

மேலே ஒரு இலை கழன்று, சுற்றிச் சுற்றி வந்து அவள் தோளில் விழுந்தது. அவள் தட்டவில்லை.

"நான் போகல," என்றாள்.

"என்ன?"

"எடின்பரோவுக்கு. போகல. நாளைக்குச் சொல்லிடறேன். ஆனா ஏன்னு கேட்டா ஆபீஸ்ல என்னன்னு சொல்றது?"

"பிறேக் பிடிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ," என்றான்.

திரும்பவும் இரண்டு பேரும் தொடங்கிவிட்டார்கள். நான் போய்ச் சப்பாத்தைத் தேடினேன். ஒரு காளான் கூட்டத்துக்கு நடுவில் கிடந்தது. கொண்டு வந்து கொடுத்தேன். போட்டான். கல்யாணி பள்ளத்துக்குள் கையை நீட்டினாள். பிடித்து ஏறி வந்தான். ஏறி வந்த பிறகும் கையை விடவில்லை. இரண்டு பேரும் விட மறந்த மாதிரி நடித்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, மரத்தைப் பார்த்தேன். மரம் நல்லாகத்தான் இருந்தது.

"இந்த பிரேக்கோட ஓட்ட முடியாது. துடைச்சாலும் போகாது, கட்டையை மாத்தணும்," என்றாள் கல்யாணி. "கொஞ்ச தூரம் நடப்போமா?"

சிவானந்தன் தன் சைக்கிளைக் கொண்டுவந்து என் இடக்கையில் வைத்தான். அவளுடையதை வாங்கி என் வலக்கையில் வைத்தான். ஊதாச் சைக்கிளை என் இடுப்போடு சாய்த்துவிட்டான். எனக்கு அசைய வழியில்லை. அவன் முகத்தில் சேறும் பல்லும்தான் தெரிந்தது.

"மச்சான், இந்த மூண்டையும் ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு நில்லன். நாங்கள் உந்தப் பெரிய மரம் வரைக்கும் நடந்திட்டு வாறம்."